நாலு விரல் புல்

தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்ட வருஷம் அது. கடல் எடுத்தது வருஷக் கடைசியில். அதற்கு ஏழு மாதம் முன்னால் டெல்லியில் பிரதமர் இறந்துபோய், ஊட்டிக் கடைவீதி முழுக்கப் பலகை போட்டுச் சாத்திக் கிடந்தது. அதற்கும் முன்னால், தை மாதத்தில், புல்நுனியெல்லாம் உப்புத் தூவினதுபோல உறைபனி நின்ற ஒரு காலையில், நம் பட்டாளக் கம்பெனி லாரிகளில் வந்து பைக்காராவுக்கு மேலே இறங்கியது. சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வருஷத்தை எண்ணாகச் சொல்ல எனக்கு வராது, இப்படித்தான் வரும். நீங்கள் நோட்டில் எண்ணாக எழுதி வைத்திருப்பீர்கள்.

இத்தனை காலம் கழித்து உங்களோடு பேச உட்கார்ந்ததற்கு ஒரு வாசனைதான் காரணம். போன வாரம் எங்கள் வீட்டுக்கு மேலே ரோட்டை அகலப்படுத்த ஜேசிபி வந்தது. முந்தின நாளெல்லாம் தூறல். காலையில் ஜன்னலைத் திறந்தால், அறுபட்ட புல்வேரும் பூமிக்குள்ளிருந்து முதல்முதலாக வெளியே வந்த ஈரமண்ணும் சேர்ந்த வாசனை. அது மூக்கில் ஏறியதும் இந்தக் குன்னூர் வீடு இல்லை, சுவர் இல்லை, எண்பத்தெட்டு வயசு இல்லை. அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். நாடா மூடுபனிக்குள் போய் மறைகிறது. மறுமுனை உங்கள் கையில். நீங்கள் தெரியவில்லை. நாடா மட்டும் லேசாக இழுபடுகிறது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சொன்னதை மாற்றாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

நம்முடையது துப்பாக்கி தூக்குகிற பட்டாளம் அல்ல. ரோடு வெட்டுவதும் பாறை உடைப்பதும் தடுப்புச் சுவர் கட்டுவதும்தான் வேலை. "யூனிபாரம் போட்ட கூலிக்காரனுங்கடா நாம" என்பான் காளியப்பன். சத்தியமங்கலத்துக்காரன், எனக்கு அடுத்த கட்டில். எந்த ஆளையும் எந்தப் பாறையையும் ஒரு பட்டப்பேர் வைக்காமல் விடமாட்டான். நான் மலையிலேயே பிறந்தவன். அப்பன் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் கல்கட்டு வேலைக்கு ஏறி வந்த குடும்பம். நீங்கள் குன்னூர் சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன். சட்டைக் கையில் மூன்று பட்டை போட்ட ஹவில்தார். வயசு என்னவோ எனக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். கம்பெனியில் எல்லோரையும் 'ங்க' போட்டுப் பேசிய ஒரே ஹவில்தார் நீங்கள். "கடப்பாரையைக்கூடக் கொஞ்சம் நகருங்கன்னு சொல்லுவாருடா இவுரு" என்று காளியப்பன் உங்கள் காதுபடவே சொல்வான். நீங்கள் சிரிப்பீர்கள்.

மலைமுகட்டில் பட்டாளத்துக்கு ஒரு புது முகாம் வருவதாக இருந்தது. அதற்கு நாம் ரோடு வெட்ட வேண்டும். உங்களுக்கு மட்டும் அதோடு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். இந்த மாதிரி மலையில், இந்தக் குளிரில், ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு மண் வெட்டுவான், எவ்வளவு கல் உடைப்பான் என்று அளந்து மேலிடத்துக்கு எழுத வேண்டும். உங்களிடம் அதற்கென்று ஒரு புத்தகம் இருந்தது. கெட்டி மண்ணுக்கு இவ்வளவு, சரளைக்கு இவ்வளவு என்று எல்லாம் அதில் போட்டிருந்தது. ஆனால் அது சமவெளியில் அளந்து எழுதினது. முதல் வாரத்திலேயே அதை மூடி வைத்துவிட்டீர்கள்.

"ஏனுங்க, இந்தப் புத்தகத்துல இருக்கற ஆளு யாருன்னு பார்த்தீங்களா?" என்று எங்களைக் கேட்டீர்கள். "அவனுக்குக் குளிர் அடிக்காது. இருமல் வராது. காலையில எட்டு மணிக்கு மண்ணு கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கறது அவனுக்குத் தெரியாது. டீகூடக் குடிக்க மாட்டான்."

"கல்யாணம் ஆயிருச்சுங்களா அவனுக்கு?" என்றான் காளியப்பன்.

"அது போடலீங்களே."

"ஆயிருக்காதுங்க. இங்க கூட்டியாங்க, ஒரு நாள் என்றகூடச் சம்மட்டி புடிக்கட்டும். சாயங்காலம் அவனே புத்தகத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுக் குளிர் காயுவான்."

அன்றிலிருந்து புத்தகத்து ஆள் நம் கம்பெனியில் ஒருவனாகிவிட்டான். யாராவது சோம்பி உட்கார்ந்தால், "புத்தகத்து ஆளு பாக்கறான்டா, எந்திரி" என்போம்.

அளக்கிறவர் பக்கத்தில் வந்து நின்றால் வெட்டுகிறவன் கை மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. கடிகாரத்தைக் கண்டாலே மண்வெட்டி வேகமாக விழும். அதனால் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எங்கோ பார்க்கிற மாதிரி நடப்பீர்கள். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அதுவரை கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். யாரோ துணியை உருவினதுபோல மேகம் பிரிந்தது. கீழே பைக்காரா தண்ணீர் முழுக்க வெயில், கழுவி வைத்த வெண்கலத் தட்டு மாதிரி. சொல்லிவைத்ததுபோல நூறு பேர் கையை நிறுத்திவிட்டோம். பிடித்தபடியே கடப்பாரைகள் நின்றன. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மேகம் மறுபடி மூடியதும் எல்லோரும் குனிந்தோம். நீங்கள் நோட்டை எடுத்து ஏதோ குறித்தீர்கள்.

"என்னங்க எழுதறீங்க?" என்றேன்.

"மேகம் வெலகுச்சு, எல்லாரும் நின்னாங்கன்னு எழுதறனுங்க."

"அந்த நேரத்தைக் கழிக்கோணுமுங்களா?"

"கழிக்கக் கூடாதுங்க. அதுவும் அந்த நாளோட சேர்ந்ததுதான். நிக்காத ஆளு புத்தகத்துல இருக்கான். மலையில இல்லை."

நாடாவின் மறுமுனைக்கு என்னைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். எழுதத் தெரியாதவன் மறக்க மாட்டான் என்று உங்களுக்கு ஒரு நம்பிக்கை. மூட்டத்தில் நோட்டை விரித்தால் தாள் நனைந்து மை ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் அளவை நீங்கள் சத்தமாகச் சொல்வீர்கள், நான் தலைக்குள் வாங்கி வைத்துக்கொள்வேன். குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது. ஆறடி மூணங்குலம். ஐந்தடி பத்து. நிழல்கூட இல்லாத இடத்திலிருந்து எண்கள் மிதந்து வருவதுபோல இருக்கும். சாயங்காலம் முகாமில் அடுப்போரம் உட்கார்ந்து நான் ஒப்பிப்பேன், நீங்கள் எழுதுவீர்கள். ஒரு நாளும் ஒரு எண்ணும் பிசகினதில்லை.

மண் வெட்டுகிற இடத்தில் அங்கங்கே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தூண்போல விட்டுவைப்போம். அதன் தலையில் பழைய புல் அப்படியே நிற்கும். தரை முன்பு இவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் தூண்தான் சாட்சி. பேரும் சாட்சிதான். சாட்சியின் தலைக்கும் வெட்டின தரைக்கும் நடுவே எவ்வளவோ, அவ்வளவு ஆழம். நம் சரிவில் பதினாலு சாட்சி நின்றன. மூட்டத்தில் பார்த்தால், தலையில் புல்லைச் சுமந்துகொண்டு பதினாலு பேர் எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோல இருக்கும். இன்றைக்கும் என் கனவில் அவர்கள் வருகிறார்கள். எதுவும் கேட்பதில்லை. நிற்கிறார்கள்.

மாசிக் கடைசியில் நீங்கள் கொடுத்த முதல் அளவைப் பார்த்துவிட்டு மேஜருக்குக் கோபம் வந்தது. உன் ஆட்கள் வேலை செய்கிறார்களா, வெயில் காய்கிறார்களா என்று எங்கள் எல்லோர் முன்னாலும் உங்களை இந்தியில் கேட்டார். நீங்கள் "மலை, சாப்" என்று மட்டும் சொன்னீர்கள். இன்னும் ஏழு நாள் அளந்து கொடு, அதுதான் மேலே போகும் என்று உத்தரவானது. அதே வாரத்தில் சமையல் கொட்டகையில் ஒரு பேச்சு கிளம்பியது. வேலை குறைச்சலாகச் செய்கிற கம்பெனியைக் கலைத்து, வடகிழக்கு எல்லைக்கு, பனிமலையில் ரோடு போட அனுப்பப் போகிறார்களாம்.

குன்னூரில் என் மனைவி சரசுக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முந்தின பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டது. நான் அப்போது பூனாவில் இருந்தேன். செய்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பதினைந்து நாள். இந்தத் தடவை மலையை விட்டு நகரக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

என் அப்பன் இளவயசில் கீழ்நாட்டில் குளம் வெட்டினவர். காண்ட்ராக்ட் வேலையில் ஒரு தந்திரம் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சாட்சியின் தலையில் ஒரு பத்தை புல்லை மண்ணோடு வெட்டி வைத்துவிட்டால், வெட்டாத ஆழமும் வெட்டினதாக வந்துவிடும். ஆழம் கூடினால் கூலி கூடும், ஆளுக்கு மதிப்பு. எனக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

ஏழாம் நாள் மத்தியானம். எல்லோரும் சாப்பிடக் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். மேகம் முழுசாக இறங்கியிருந்தது. மண்வெட்டியால் மேல்சரிவில் புல்லைப் பலகை பலகையாக அறுத்தேன். நாலு விரல் கனம். அதற்கு மேல் போனால் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு சாட்சியாக ஏறி, தலையில் வைத்து, உள்ளங்கையால் அமுக்கி, ஓரத்தில் சேறு பூசினேன். குழந்தைக்குக் குல்லாய் போடுவதுபோல மெதுவாகத்தான் செய்தேன். ஒன்பதாவது சாட்சியில் இருக்கும்போது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு தோடர் எருமை, மூட்டத்தில் பாதி உடம்பு தெரிந்தும் தெரியாமலும், கொம்பில் பனித்துளி கோத்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு எதுவும் நடக்காததுபோல மேகத்துக்குள் போய்விட்டது.

சாயங்காலம் அளந்தோம். மூன்றாவது சாட்சியிலேயே உங்கள் குரல் மாறியது. "பரவாயில்லீங்களே!" என்றீர்கள். அடுப்போரம் நான் ஒப்பிக்க ஒப்பிக்க எழுதினீர்கள். ஏழு நாளைக்கு முந்தின ஆழத்தைக் கழித்தீர்கள், கூட்டினீர்கள், ஆள் கணக்கால் வகுத்தீர்கள், மறுபடி வகுத்தீர்கள். அந்த ஏழு நாளில் தரை நிஜமாக இறங்கினதே நாலு விரல்தான், என் புல் அதை எட்டாக்கியிருந்தது. பிறகு நிமிர்ந்து, "மாரப்பன், நம்மாளுங்க ஜெயிச்சுப்போட்டாங்க" என்றீர்கள். அந்த வெளிச்சத்தில் உங்கள் முகம். அதை நான் எங்கே வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

மேஜர் உங்கள் தோளைத் தட்டினார். கம்பெனி முழுக்க ரவை அல்வா. புத்தகத்து ஆளையே தோற்கடித்துவிட்டோம் என்று காளியப்பன் தட்டைத் தாளம் போட்டு ஆடினான்.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் உத்தரவு வந்தது. எங்களை வரிசையில் நிற்கவைத்து மேஜர் சொல்ல, நீங்கள் தமிழில் சொன்னீர்கள். இவ்வளவு வேகமாக வெட்டுகிற கம்பெனிக்கு இந்த ரோட்டுக்குப் பாதி ஆள் போதும். மீதிப் பாதி எல்லைக்குப் போக வேண்டும், பதினைந்து நாளில். இருக்கிற பாதி, தென்மேற்கு மழைக்கு முன்னால் ரோட்டை முடிக்க வேண்டும்.

நன்றாக வேலை செய்தால் வைத்துக்கொள்வார்கள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! காண்ட்ராக்டர் கணக்கைக் கொண்டுபோய்ப் பட்டாளத்துச் சரிவில் வைத்திருக்கிறேன். இங்கே அது தலைகீழாக வேலை செய்கிறது.

பட்டியலைப் படித்தீர்கள். என் பேர் இருக்கிறவர்கள் பக்கம். நாடா பிடிக்க ஆள் வேண்டும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். காளியப்பன் பேர் போகிறவர்கள் பக்கம். அவனுக்கு வைகாசியில் தங்கை கல்யாணம். அப்பன் இல்லாத வீடு, இவன்தான் தாரை வார்க்க வேண்டும். அன்றைக்கு அவன் யாருக்கும் பேர் வைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா மாரப்பா, பனியில செத்தா எரிப்பாங்களா, பொதைப்பாங்களா?"

"அட, போடா."

"இல்லடா, எரிக்கறதுன்னா வெறகு வேணுமில்ல? அங்க மரமே இல்லையாமா."

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நான் இருக்கிற பக்கம்தானே என்று உள்ளே ஒரு குரல். இருக்கிற பாதியும் பிழைக்காது என்று இன்னொரு குரல். பாதி வெட்டின சரிவில் ஆடி மழை இறங்கினால் என்ன ஆகும் என்று கல்கட்டுக்காரன் மகனுக்குத் தெரியாதா? நாலாம் நாள் காலையில் உங்களைக் கூட்டிக்கொண்டு சரிவுக்கு வந்தேன்.

மேலிடத்து ஆள் வந்து பார்க்கும்வரை சாட்சிகளை இடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் பதினாலும் நின்றன. ஆனால் உங்களுக்குக் காட்ட எனக்கு ஒன்றும் இல்லை. சித்திரைத் தூறலில் நான் வைத்த புல் வேர் பிடித்துவிட்டது. பசேலென்று, மலை பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருந்ததுபோலக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இது நான் பண்ணுன வேலைங்க" என்றேன்.

உங்களுக்குப் புரியவில்லை. மண்வெட்டியால் ஒரு சாட்சியின் தலையைச் செங்குத்தாக அறுத்துக் காட்டினேன். மேலே பச்சை. நாலு விரலுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டில் நசுங்கி, வெளுத்து, பழைய புல் படுத்திருந்தது. உங்கள் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தீர்கள்.

"பதினாலுமுங்களா?"

"பதினாலுமுங்க."

முதலில் சிரித்தீர்கள். பிறகு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எதுக்குங்க?"

"போகக் கூடாதுன்னுதானுங்க. நல்லா செஞ்சா நம்மளை வெச்சுக்குவாங்கன்னு..."

"நல்லா செஞ்சா ஆளு கொறைச்சலாப் போதும். அதுதானுங்க இந்தக் கணக்கு." அறுத்த புல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். "நானும் சொல்லலீங்களே. ரெண்டு மாசம் உங்க கையில நாடாவைக் குடுத்தேன். எதுக்கு அளக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லலை."

"நான் மேஜர்கிட்டப் போய்ச் சொல்லிப்போடறனுங்க."

"வேண்டாமுங்க. தப்பா அளந்தவனுக்குப் பட்டை போகும். வேணும்னே அளவைத் திருத்துனவனுக்கு ஜெயிலு. உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு வைகாசியில நாளு. எது சின்னதுன்னு நீங்களே பாருங்க."

"உங்க மூணு பட்டை..."

"மூணு துண்டு துணிங்க அது." எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டீர்கள். "ஒண்ணே ஒண்ணு. இது உங்க வாயில வரவே கூடாது. காளியப்பன்கிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க. அவன் வாயில விழுந்தா நாடுகாணி தாண்டிப் போயிரும்."

அந்தக் காலையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பதினாலு சாட்சிக்கும் குல்லாயைக் கழற்றினோம். மூட்டத்தில் நீங்கள் ஒரு பக்கமிருந்து, நான் ஒரு பக்கமிருந்து. வேர் பிடித்த புல் விட்டுவரும்போது ஒரு சத்தம் வரும், துணி கிழிவதுபோல. அந்தச் சத்தம் மட்டும் மலையில் கேட்டுக்கொண்டிருந்தது.

மேஜர் கூடாரத்துக்கு வெளியே நான் நின்றேன். "என் அளவு தப்பு" என்று நீங்கள் சொன்னது கேட்டது. ஏன் என்று அவர் கேட்டார். "என் கவனக்குறைவு" என்றீர்கள். அளக்கத் தெரியாதவனுக்கு மூன்று பட்டை எதற்கு என்று அவர் கத்தினது முகாம் முழுக்கக் கேட்டது. வேறொரு ஹவில்தார் வந்து மறுபடி அளந்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வகுத்ததும், மாசியில் நீங்கள் கொடுத்து, மேஜர் கோபப்பட்ட முதல் அளவு இருக்கிறதே, ஏறத்தாழ அதேதான் வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும், அந்த எண்கள் என் தலைக்குள் இருந்தன. பாதி ஆளை அனுப்பும் உத்தரவு ரத்தானது. கம்பெனியைக் கலைப்பார்கள் என்ற சமையல் கொட்டகைப் பேச்சும் வெறும் பேச்சாகவே போனது.

பிரதமர் இறந்த சேதி வந்த அன்று கொடியைப் பாதிக்கு இறக்கினார்கள். எல்லோரும் மழைக்கோட்டோடு நின்றோம். நீங்கள் எங்கள் வரிசையில், எனக்குப் பக்கத்தில், கையில் கடப்பாரைக் காய்ப்போடு நின்றீர்கள். பட்டை இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் அடர்ந்த பச்சையாக இருந்தது. பிய்த்த பிறகும் மூன்று கோடு தெரிந்தது. அந்த வாரத்தில்தான் என் மகள் பிறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் விடியும்வரை அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விட்டுப்போகாமல் வந்துகொண்டிருந்தது. காளியப்பன் லீவில் போய்த் தங்கைக்குத் தாரை வார்த்துவிட்டு, முறுக்கும் ஒரு புதுப் பேரும் கொண்டுவந்தான்.

"கடலளந்தார் வாராரு, வழி விடுங்க!" என்றான் உங்களைப் பார்த்து. "ஒண்ணை ஒம்பதா அளந்த மகராசன். இவுரு அளந்தா எங்க ஊட்டுக் கெணறு கடலாயிருமுங்க."

கம்பெனி முழுக்கச் சிரித்தது. நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பேர் உங்களை விடவில்லை. பட்டாளத்திலிருந்து வந்து நீங்கள் குன்னூரில் தேயிலை ஏலக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள், நான் எஸ்டேட்டில் கொத்தனாரானேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு டீ குடிப்பீர்கள். ஒருமுறைகூட அந்தப் புல்லைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, குன்னூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், சரசு தவறிப்போன வருஷம், நான் ஆரம்பித்தேன். "ஏனுங்க, அன்னைக்கு அந்தச் சாட்சி..." என்றேன். "ரயில் வந்துருச்சு பாருங்க" என்றீர்கள். ரயில் வந்திருக்கவில்லை. வளைவில் புகைகூடத் தெரியவில்லை. வெறும் தண்டவாளத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீங்கள் பட்டையைத் திரும்ப வாங்கவில்லை. ஹவில்தார் என்று யாரும் உங்களைக் கூப்பிட்டு நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போன பங்குனியில் உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்த அன்று, காளியப்பன் அந்த வயசில் பேரனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தான். மண் போட்டு முடிந்ததும் உங்கள் பேரப்பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக் கதை சொன்னான். "உங்க தாத்தா யாரு தெரியுமா? கடலளந்தாரு! இந்த மலையில ஒரு பள்ளத்தைக் கடலா அளந்து, மூணு பட்டையையும் தொலைச்ச ஒரே ஆளு!" பாசமாகத்தான் சொன்னான், கண் கலங்கித்தான் சொன்னான். பிள்ளைகள் அழுதுகொண்டே சிரித்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் கூட இருந்தவன் அல்லவா. நானும் தலையை ஆட்டிச் சிரித்தேன்.

உங்கள் மண் ஈரம் காயவில்லை, நான் சிரித்தேன்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அந்த வைகாசியில் பிறந்தவளின் மகள் இவள். "அப்போ அவரு தப்பா அளக்கவே இல்லையா, தாத்தா?" என்கிறாள். இல்லை, எழுது என்றேன்.

அந்தப் பதினாலு ஆழமும், நாலு விரலைக் கழித்த பிறகு உள்ள அளவாக, இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஐந்தடி எட்டு, ஆறடி, ஐந்தடி பத்து. தூக்கம் வராதபோது வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒன்றும் பிசகவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கை அறுபது வருஷம் சுமந்தேன், அதுவும் பிசகவில்லை. அதை இப்போது உடைக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள். ஜெயிலுக்கு அனுப்ப இனி யாரும் இல்லை.

உங்கள் பேரப்பிள்ளைகளிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் போதும், படித்துக்கொள்வார்கள். ஆனால் கம்பெனி ஆள் ஒருவனிடம் வாயால் சொல்லியாக வேண்டும். மேஜர் இல்லை. மறுபடி அளந்த ஹவில்தார் இல்லை. அன்று வரிசையில் நின்ற அத்தனை பேரையும் முகம் முகமாக எண்ணிப் பார்த்துவிட்டேன். என்னைத் தவிர இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது ஒருவன்தான். புதன்கிழமை மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து சத்தி பஸ் ஏறுகிறேன். அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது, கத்தித்தான் சொல்ல வேண்டும். தெருவெல்லாம் கேட்கும். கேட்கட்டும். பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்களாம், பேரைச் சொன்னால் போதுமாம்: பட்டாளத்துக் காளியப்பன்.